கப்பல் கட்டினவர் கட்டிய குசினி

பாலையூற்றில் வந்து பாக்கியரத்தினம் ஐயா வீடு எது என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். கப்பல் கட்டினவர் வீடு என்று கேட்டால் யோசிக்க மாட்டார்கள். "அந்தா, நீலக் கேற். உள்ளுக்கு விளாமரம் நிக்குது" என்று கையைக் காட்டிவிடுவார்கள். அந்த நீலக் கேற்றுக்குள்தான் நானும் என் கணவரும் குடியிருக்கிறோம். கடவுள் எங்களுக்குத் திறந்துவிட்ட கேற் அது. ஆனால் ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டுதான் அதற்குள் போனோம். அதையும் மறைக்காமல் சொன்னால்தான் ஐயாவைப் பற்றிச் சொன்னதாக இருக்கும்.

எங்கள் ஊர் வெருகலுக்குப் பக்கத்தில், கடலோரம். என் கணவர் கதிராமன் கடலுக்குப் போவார், மாரியில் வயலும் செய்வார். மூன்று வருடத்துக்கு முன் அவருக்குக் கால் வீங்கி, முகம் வீங்கி, கடைசியில் சிறுநீரகம் இரண்டும் பழுது என்று சொன்னார்கள். கிழமையில் மூன்று நாள் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் மெசினில் போட்டு இரத்தம் சுத்தமாக்க வேண்டும். முதல் ஆறு மாதம் பஸ்ஸில் போய் வந்தோம். போகும்போது பரவாயில்லை. மெசினால் இறங்கி வரும்போதுதான் அவருக்குத் தலை நிற்காது. ஒரு நாள் மூதூர் தாண்டினதும் பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லி, ஒரு மதகுக் கட்டின் மேல் அவரைக் கிடத்திவிட்டு முந்தானையால் விசுக்கிக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் இருந்த ஒருவரும் முணுமுணுக்கவில்லை. சாரதி இறங்கி வந்து தன்னுடைய தண்ணீர்ப் போத்தலைத் தந்தார். அந்த மதகில் வைத்துத்தான் தீர்மானித்தேன், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு வீடு எடுக்காவிட்டால் இந்த மனிதனை நான் றோட்டில் பறிகொடுக்க வேண்டிவரும் என்று.

வீடு தேடினோம். எங்களுக்கு இல்லை என்று சொன்னவர்களும் கெட்ட மனிதரில்லை. கேற்றில் நின்று கதைக்கும்போது சிரித்த முகமாக இருப்பார்கள். ஓட்டோவுக்குள் இருக்கிற இவரைக் கண்டதும் முகம் மாறும். ஒரு அம்மா மட்டும் நேரே சொன்னார்: "கோவிக்காதேங்கோ தங்கச்சி. வருத்தக்கார மனுசன். நாளைக்கு ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தால் எங்கட வீட்டிலயெல்லோ நடக்கும்." அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளதைச் சொன்னார்.

மெசின் பகுதியில் வேலை செய்கிற றிஷானா மிஸ்தான் ஐயாவின் வீட்டைச் சொன்னவர். "பாலையூற்றில ஒரு ஐயா தனிய இருக்கிறார். பின்பக்கம் ரெண்டு அறையும் குசினியும் சும்மா கிடக்குது. ஆக்களைப் பாத்துத்தான் குடுப்பாராம். போய்க் கேட்டுப் பாருங்கோ."

போனோம். ஐயா விறாந்தையில் ஒரு கதிரையில் இருந்து ஒரு துண்டுக் கயிற்றை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தார். எழுபது வயதிருக்கும். கறுத்த, அகன்ற நெஞ்சு. எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதற் கேள்வியாக இதைத்தான் கேட்டார்:

"நீங்கள் சைவமோ?"

பாலையூற்றில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், கன பேர். நாங்கள் வந்து இறங்கும்போதுகூட மாதா கோயில் மணிதான் அடித்துக்கொண்டிருந்தது. ஆகவே, நாங்கள் வேதமோ சைவமோ என்று கேட்கிறார் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பேன்?

"ஓம் ஐயா. பரம்பரை பரம்பரையாச் சைவம்."

"வடிவாச் சொல்லுங்கோ. சில பேர் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் சைவம்."

கோயிலுக்குப் போவதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "அப்பிடி ஆக்கள் இல்லை ஐயா நாங்கள். எங்களுக்கு எல்லா நாளும் ஒண்டுதான்."

ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது. இவர் எனக்குப் பக்கத்தில் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். மெசினால் வந்த களையில் காதில் எதுவும் விழுந்திருக்காது. ஐயா அவருடைய கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். இதோ, இல்லை என்று சொல்லப்போகிறார் என்று நான் மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டேன்.

"கையில என்ன?"

"மெசினுக்கு ஊசி ஏத்தினது ஐயா."

"எந்தெந்த நாள்?"

"திங்கள், புதன், வெள்ளி."

"அப்ப அந்த மூண்டு நாளும் கேற்றைப் பூட்டாமல் விடுறன். ஓட்டோ உள்ளுக்கு வந்து வாசலோட நிக்கட்டும். இவரை நடக்க விடாதேங்கோ."

அவ்வளவுதான். வருத்தத்தைப் பற்றி அவர் கேட்டது அது ஒன்றுதான். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஐயா அதைக் காணாதவர் போல உள்ளே போய் ஒரு கொப்பித் தாள் கிழித்துக்கொண்டு வந்து ஒப்பந்தம் எழுதினார். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். நாலாவது வரியில் இப்படி இருந்தது: 'வீட்டில் குடியிருப்பவர்கள் சைவம்.' எங்கள் சமயத்தைக்கூட மரியாதையாக எழுதியிருக்கிறாரே என்று சந்தோசப்பட்டு, அதற்குக் கீழே கையெழுத்து வைத்தேன்.

பிள்ளைகளை ஊரில் சொந்தக்காரரோடு விட்டுவிட்டு நாங்கள் பால் காய்ச்சிக் குடி வந்தது கேதார கௌரி விரதம் தொடங்கின நாளில். இருபத்தொரு நாள் விரதம். அது முடிய கந்தசஷ்டி வந்தது. விரதக்காரி உள்ள வீட்டில் மீனோ இறைச்சியோ, மச்சம் ஒன்றும் பொங்குவதில்லை. பருப்பும் கீரையும் கத்தரிக்காயும்தான். ஆகவே எங்கள் பிழை ஒரு மாதம் எங்களுக்கும் தெரியவில்லை, ஐயாவுக்கும் தெரியவில்லை. விளாமரத்துக்குக் கீழே ஒரு வைரவர் சூலம் இருக்கிறது. பின்னேரத்தில் நான் அதற்கு விளக்கு வைப்பேன். ஐயா விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். "கனகமணிக்குப் பிறகு நீங்கள்தான் பிள்ளை ஒழுங்கா விளக்கு வைக்கிறது" என்பார். கனகமணி அவருடைய மனைவி. நாங்கள் வருவதற்கு மூன்று வருடத்துக்கு முன் காலமானவர். எங்களுக்குத் தந்த குசினி அவருடைய குசினிதான். ஐயா அந்தப் பக்கமே வரமாட்டார். விறாந்தைக் கோடியில் ஒரு மின்சார அடுப்பில் சோறு மட்டும் காய்ச்சிக்கொள்வார். நான் ஆக்குவதில் ஒரு கிண்ணம் கொடுத்தால், "இது வேண்டாம் பிள்ளை, பழகிப் போடும்" என்று சொல்லிச் சொல்லி வாங்குவார். அவருக்கு ஒரே ஒரு மகள், கலியாணம் செய்து மட்டக்களப்பில் இருக்கிறா. அங்கே வரச்சொல்லி ஒவ்வொரு கிழமையும் போனில் சண்டை.

இவரும் ஐயாவும் சிநேகிதமாகிவிட்டார்கள். கடல்காரருக்குக் கடல்காரரைக் கண்டால் வாய் ஓயாது. கப்பல் கட்டின கதையை அப்போதுதான் கேட்டோம்.

ஐயா பத்தொன்பது வயதில் துறைமுகத்தில் சேர்ந்தவர். கப்பல் உள்ளே வரும்போது சின்னப் படகில் போய், மேலிருந்து இறக்குகிற பெரிய கயிற்றை வாங்கி மிதவையில் கட்ட வேண்டும். போகும்போது அவிழ்த்துவிட வேண்டும். அதுதான் வேலை. கலியாணம் பேசப் போன தரகர், "பெடியன் துறைமுகத்தில கப்பல் கட்டுறவன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பெண்ணின் தகப்பன் மூதூர்ப் பக்கத்தில் வயல் செய்கிற கமக்காரர். தன் மருமகன் கப்பல் செய்கிறவர், பெரிய இஞ்சினியர் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

"கலியாணம் முடிஞ்ச மற்றக் கிழமை," என்று ஐயா சொன்னார், "கனகமணி கப்பல் பாக்கவேணும் எண்டா. கூட்டிக்கொண்டு போனன். கோதுமை மா ஏத்துற கப்பல் ஒண்டு நிண்டுது, மலை மாதிரி. இது நீங்கள் கட்டினதோ எண்டு கேட்டா. ஓம், காலமைதான் கட்டினனான் எண்டன்."

இவர் அப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"இவ்வளவு பெரிசை ஒரு காலமையிலயோ எண்டு கேட்டா. ஓம், நாளைக்குப் பின்னேரம் அவிட்டுப் போடுவன் எண்டன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா, கதிராமன்! விசரனுக்குக் கட்டித் தந்திட்டாங்கள் எண்டு அழத் தொடங்கிட்டா."

"பிறகு?"

"பிறகென்ன? விளங்கின பிறகு மூண்டு நாள் கதைக்கேல்லை. நாலாம் நாள் தானாச் சிரிச்சிட்டா. மாமா மட்டும் சாகும்வரைக்கும் ஊரில மாத்திச் சொல்லவே இல்லை."

இவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். வருத்தம் வந்த பிறகு அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அதற்காகவே ஐயாவுக்குக் காலம் முழுக்கக் கடமைப்பட்டவள் நான்.

கந்தசஷ்டி முடிந்த கிழமை இரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு றிஷானா மிஸ் என்னைக் கூப்பிட்டா.

"அம்மா, வீட்டில என்ன குடுக்கிறீங்கள்?"

"பருப்பு, கீரை, மிஸ். விரதமெல்லே."

"நீங்கள் விரதம் பிடிக்கிறது சரி. இவரும் உங்களோட சேந்து கரையிறாரே! பருப்பும் கீரையும் இவருக்குக் கூடாது எண்டு எத்தினை தரம் சொன்னனான்? மெசின் இவர்ட உடம்பில இருக்கிற சத்தையும் சேத்தெல்லோ இழுக்குது. ஒவ்வொரு நாளும் மீன் ஒரு துண்டு, முட்டையில வெள்ளை. மருந்தை விட இது முக்கியம்."

மற்ற நாள் காலையில் ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளில் மீன்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தார். நான் எங்கள் கேற்றடியில் நின்று கையைக் காட்டினேன். மீன்காரர் நிற்பாட்டாமல் போனார். திருப்பியும் கூப்பிட்டேன். அவர் நிற்பாட்டி, நீலக் கேற்றைப் பார்த்து, என்னைப் பார்த்து, "இந்த வீட்டுக்கோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். பாரைத் துண்டு இரண்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். பக்கத்து வீட்டு றெஜினா அக்கா வேலிக்கு மேலால் தலையை நீட்டினா.

"அடி பிள்ளை! அந்தப் பையோட உள்ளுக்குப் போகாதை! இஞ்சால வா!"

"ஏனக்கா?"

"ரத்தினம் அண்ணேட வளவுக்குள்ள, கேற்றால உள்ளுக்கே, இருவத்திரண்டு வருசமா மச்சம் இல்லை. முட்டைக்கோதுகூட இல்லை. உனக்குச் சொல்லேல்லையோ மனுசன்?"

"இல்லையே. சைவமோ எண்டு மட்டும்தான் கேட்டவர்."

"அதைத்தானே கேட்டிருக்கிறார்!"

"சைவமோ வேதமோ எண்டு கேக்கிறார் எண்டெல்லோ நான் நினைச்சன்!"

றெஜினா அக்கா முதலில் வாய்விட்டுச் சிரித்தா. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிற்பாட்டினா. தன் வீட்டுக்குள் கூட்டிப்போய் இருத்தி எல்லாம் சொன்னா. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு கப்பலின் கயிறு அறுந்து ஐயாவின் தலையில் அடித்து, படகிலிருந்து கடலுக்குள் விழுந்து, ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தாராம். கனகமணி அக்கா விளாமரத்து வைரவரிடம் நேர்த்தி வைத்தாவாம், அவரை எழுப்பித் தந்தால் மச்சத்தைக் கைவிடுகிறேன் என்று. பத்தாம் நாள் ஐயா கண் திறந்து கேட்ட முதற் கேள்வி, "கப்பலைக் கட்டியாச்சோ?" என்பது. அன்றைக்கு விட்டதுதான் மச்சம். ஐயா மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காத மனிதராம்.

நான் என்ன செய்வேன்? இவருக்கு மீன் கொடுக்காமல் இருக்க ஏலாது. மீன் கொடுத்தால் வீடு போய்விடும். வீடு போனால் திரும்பவும் அந்த பஸ், அந்த மதகு.

றெஜினா அக்கா தன் குசினியில் மீனைக் காய்ச்சித் தந்தா. இவர் வேலிப் பொட்டால், அதாவது வேலியில் ஆள் நுழைகிற இடைவெளியால், அக்கா வீட்டுப் பின்பக்கம் போய்ச் சாப்பிட்டு வந்தார். ஐந்தாறு நாள் அப்படி ஓடினது. ஒரு புதன்கிழமை மெசினால் வந்தவர் எழும்பவே இல்லை. பாயில் கிடந்து, "எனக்கு ஒண்டும் வேண்டாம், ராசமலர்" என்றார். நான் வேலிப் பொட்டால் போய் ஒரு கோப்பையில் மீனும் சோறும் வாங்கி, முந்தானையால் மூடிக்கொண்டு வந்து ஊட்டிவிட்டேன். சாப்பிட்டார். நிறம் வந்தது.

பின்னேரம் வைரவருக்கு விளக்கு வைக்கப் போனேன். நெருப்புக்குச்சி மூன்று அணைந்துபோனது. காற்றுத்தான். ஆனாலும் நாலாவது குச்சியைத் தட்டுவதற்கு முதல் வைரவரைக் கும்பிட்டேன். ஒரு பெண் தன் புருசனைக் காப்பாற்றத் தந்த வாக்கை, இன்னொரு பெண் தன் புருசனுக்காக முந்தானைக்குள் வைத்து ஏமாற்றிவிட்டாள். சாமி கோபிப்பாரோ இல்லையோ, கனகமணி அக்காவின் அடுப்பில் அதற்குப் பிறகு எனக்கு நெருப்பு மூட்ட மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை முடியட்டும், அந்த ஒரு மெசினாவது நிம்மதியாகப் போகட்டும் என்று பொறுத்து, சனிக்கிழமை காலையில் ஐயாவிடம் போனேன். இவரும் வந்து கதிரையில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

ஐயாவின் கையிலிருந்த கயிறு நின்றுவிட்டது.

"சைவம் எண்டு சொல்லித்தானே வந்தனீங்கள்?"

"சைவம்தான் ஐயா. நான் பொய் சொல்லேல்லை. வேதமோ எண்டு கேக்கிறீங்கள் எண்டு நினைச்சிட்டன்."

"மீன் இந்த வளவுக்குள்ள வந்திட்டுதோ?"

"ஓம் ஐயா. ஒரே ஒரு கோப்பை. புதன்கிழமை. இவருக்கு எழும்ப ஏலாமல் கிடந்தது."

ஐயா விளாமரத்தைப் பார்த்தார். "கனகமணி கண்ணை மூடுறதுக்கு முதல் நாளும் கேட்டவ பிள்ளை. நான் இல்லாட்டியும் பாத்துக்கொள்ளுவீங்கள்தானே எண்டு. ஓம் எண்டனான்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். "நான் சோத்தில கையை வைச்சிட்டு எழும்பின நாள் எத்தினை எண்டு உங்களுக்குத் தெரியுமோ? அவவுக்காக இருந்தனான்."

அப்போது இவர், தலையைக் குனிந்துகொண்டே, மெதுவாகக் கேட்டார்:

"ஐயா, கப்பல் கட்டுறது என்னெண்டு விளங்கின பிறகு, உங்கட மாமா உங்களைத் திருப்பி அனுப்பினவரோ?"

ஐயா சிரிக்கவில்லை. "யோசிக்கவேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாள் ஒரு கதையும் இல்லை. நான் கொடுத்த கிண்ணத்தை வாங்கவும் இல்லை. திங்கட்கிழமை ஓட்டோ வரும்போது மட்டும் கேற் திறந்து கிடந்தது. நான் சட்டி பானைகளைக் கழுவி இரண்டு உரப்பையில் கட்டி வைத்தேன். "எங்க போறது?" என்று இவர் கேட்டார். "வழி காட்டினவர் காட்டுவார்" என்றேன். சொன்னேனே தவிர, கண்ணுக்குள் அந்த மதகுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஐயா வேலியடியில் நின்று, "றெஜினா!" என்று கூப்பிட்டார். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கனகமணி நேர்த்தி வைச்ச அண்டைக்கு நீயும் பக்கத்தில நிண்டனியெல்லே?"

"நிண்டனான். கடையில கற்பூரம் வேண்டிக்கொண்டு வந்ததே நான்தானே. வேதக்காரி வேண்டின கற்பூரம் பத்துமோ எண்டு கேட்டனான். நல்லாத்தான் பத்தினது."

"என்ன சொல்லி நேந்தவ? அவ சொன்ன சொல்லுகளை அப்பிடியே சொல்லு. நான் எழும்பின பிறகு, வளவுக்குள்ள மச்சம் கூடாது எண்டு அவ சொன்னதுதான் எனக்குத் தெரியும். சொன்னது எப்பிடி?"

றெஜினா அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தா. அவவின் பார்வை ஒருதரம் எங்கள் குசினி யன்னலுக்கு வந்து போனது.

"'வைரவா, அவரை எழுப்பித் தா. என்ர அடுப்பில இனி மச்சம் ஏறாது.' அதுதான் சொன்னவ."

"வளவு எண்டு சொல்லேல்லையோ?"

"அடுப்பு எண்டுதான் எனக்குக் கேட்டது."

"மாதா அறியச் சொல்லுறியோ?"

"சத்தியம் பண்ணக்கூடாது எண்டு போன ஞாயிறுதான் ஃபாதர் பிரசங்கத்தில சொன்னவர்."

"நல்ல ஃபாதர்!" என்றார் ஐயா. பிறகு திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார்: "பிள்ளை, அந்த உரப்பையளை ஏன் கட்டி வைச்சிருக்கிறீங்கள்? அவிட்டு வையுங்கோ."

பிறகு ஒரு நாள் நான் றெஜினா அக்காவிடம் தனியாகக் கேட்டேன், மெய்தானோ என்று. "அழுகைக்குள்ள சொன்ன கதை. எனக்குக் கேட்டது அதுதான்" என்று சொல்லிவிட்டு முருங்கைக்காய் இரண்டைக் கையில் தந்து அனுப்பிவிட்டா. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அன்றைக்கே ஐயா வேலை தொடங்கினார். வளவின் பின்மூலையில், றெஜினா அக்காவின் வேலியோடு, வைரவருக்குத் தெரியாத பக்கமாக நாலு குழி வெட்டினார். பூவரசங் கம்புகளை நட்டார். பழைய கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். அது நிறையக் கயிறு.

"ஆணி இல்லையோ ஐயா?" என்று கேட்டேன்.

"ஆணி கறள் பிடிச்சுப் போகும். நான் கட்டின கப்பல் ஒண்டும் தானாக் கழண்டதில்லை."

இவர் கதிரையைப் பக்கத்தில் போடச் சொல்லி இருந்து பார்த்தார். வாய் சும்மா இருக்குமா? "அந்த முடிச்சு இளகும் ஐயா" என்றார்.

"தோணி கட்டுறவர் கப்பல் கட்டினவனுக்குச் சொல்லித் தாறார்! அப்ப நீர் கட்டிக் காட்டும் பாப்பம்" என்று கயிற்றை இவருடைய மடியில் போட்டார். இவர் எழும்பினார். ஊசி ஏறாத கையால் இறுக்கி, மற்றக் கையால் பிடித்து, நாலாவது கம்பின் உச்சியை இவர்தான் கட்டினார். வருத்தம் வந்த பிறகு அவர் கையால் செய்த முதல் வேலை அது. ஐயா அந்த முடிச்சை ஆட்டிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மற்றக் கம்புக்குப் போனார். பிடிக்காவிட்டால் சொல்லியிருப்பார்.

மேலே தகரம், பக்கத்துக்குக் கிடுகு, கீழே மூன்று கல்லு வைத்து அடுப்பு. மீன் முன்கேற்றால் வரக்கூடாது, றெஜினா அக்காவின் வேலிப் பொட்டால்தான் வரவேண்டும். சட்டி கழுவின தண்ணீர் விளாமரத்துப் பக்கம் போகக்கூடாது. இவ்வளவும்தான் ஐயா போட்ட சட்டம். வியாழக்கிழமை காலையில் வைரவருக்குத் தேங்காய் உடைத்தார். அவர் கனகமணி அக்காவோடு கதைத்தது எனக்குக் கேட்டது: "கனகம், உன்ர அடுப்பு உன்ர அடுப்பாத்தான் இருக்குது. இது வேற அடுப்பு. கதிராமன்ர அடுப்பு."

அதனால் எனக்கு இப்போது இரண்டு குசினி. கனகமணி அக்காவின் குசினியில் ஐயாவுக்கும் எனக்கும் மரக்கறி ஆக்குகிறேன். கிண்ணத்தை வேண்டாம் என்று சொல்லுவதை ஐயா விட்டுவிட்டார். பின்மூலைக் குசினியில் இவருக்கு மீன் ஆணம் காய்ச்சுகிறேன். ஒரு கிழமை காய்ச்சின பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். விறாந்தையின் முன்பக்கத்தில் இருந்த ஐயாவின் கதிரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பின்காற்று வருகிற மூலைக்கு வந்துவிட்டது.

"இண்டைக்குப் பாரை" என்பார், அங்கிருந்தபடியே.

"இல்லை ஐயா, விளைமீன்" என்பார் இவர்.

"கடல்காரனுக்குப் பொய் சொல்லாதையும். பாரை."

"ஓம் ஐயா, பாரைதான்."

மணத்துக்கு நேர்த்தி இல்லை என்று ஐயா சொல்லுகிறார். ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. வைக்கச் சொல்லி நாங்கள் கேட்டதும் இல்லை.

இவருக்கு இப்போது உடம்பு தேறி, மெசினால் வந்தாலும் தானாக இறங்கி வாசற்படி ஏறுகிறார். றிஷானா மிஸ் இரத்தத் தாளைப் பார்த்து, "இப்பதான் சரி" என்கிறா. கேற் இன்றைக்கும் திங்கள், புதன், வெள்ளியில் பூட்டுவதில்லை. விளக்கு வைக்கும்போது ஊரில் உள்ள பிள்ளைகளுக்காகக் கும்பிட்ட பிறகு, பஸ் சாரதிக்கு, மிஸ்ஸுக்கு, றெஜினா அக்காவுக்கு, அவவின் ஃபாதருக்கு, கடைசியாகக் கனகமணி அக்காவுக்கு என்று கும்பிடுகிறேன். ஐயாவுக்குத் தனியாகக் கும்பிடுவதில்லை. அவர் எங்கள் வீட்டு ஆட்களோடு சேர்த்தி.

வருடம் முடிந்தபோது ஒப்பந்தம் புதிதாக எழுதவேண்டி வந்தது. ஐயா கொப்பித் தாள் கிழித்து, பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதினார். மூன்று வரி எழுதி முடிந்தது. நாலாவது வரியில் பேனை நின்றது. பின்மூலையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மணம் விறாந்தை முழுக்க.

ஐயா மூக்கை உயர்த்தினார். "சூரை."

"ஓம் ஐயா."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொய் ஒண்டும் எழுதேல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதே வரியைத் திரும்பவும் எழுதினார். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'வீட்டில் குடியிருப்பவர்கள் சைவம்.'

கீழே கையெழுத்து வைத்தேன்.